இடது கீழறை, ஐந்து புள்ளி இரண்டு

மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை, மாலை நான்கு பத்து. மருத்துவமனையின் இரண்டாம் மாடி, மூன்றாம் எண் ஸ்கேன் அறையில் இதயத்துடிப்பு கேட்டது. ஸ்கேன் கருவியின் ப்ரோப் இன்னும் தாயின் வயிற்றில் வைக்கப்படவில்லை.

ஸ்கேன் எடுப்பவள் கையில் ஜெல் பாட்டிலுடன் நின்றாள். முந்தைய ஆளின் ஒலிப்பதிவு நின்றிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். ஏசியின் முனகலும் ஈரத் துண்டின் மருந்து வாடையும் மட்டும் மிஞ்சின.

"எங்க மாமியார் முகத்தைவிடச் சில்லுனு இருக்கே இந்த ஜெல்லு" என்று படுக்கையில் இருந்தவள் சிரித்தாள். "என்னை ஞாபகம் இருக்காக்கா? போன வருஷமும் நீங்கதான் பார்த்தீங்க. எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்க."

ஞாபகம் இருந்தது. அன்று கடைசி ஆள் இவள். பிள்ளை முதுகைக் காட்டிக் கிடந்தது. இதயத்தின் நான்கு அறைகளும் தெரியவில்லை. தாயைக் கொஞ்சம் நடக்கவிட்டு, மறுபடி படுக்கவைத்துப் பார்ப்பதுதான் முறை. ஸ்கேன் எடுப்பவளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அதற்கு முன் பார்த்த பிள்ளையின் அளவுகளை அப்படியே எடுத்து எழுதினாள். இடது கீழறை, ஐந்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர். இவளுடைய அந்தக் குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. இடது கீழறை வளரவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ப்ரோப்பை வைத்தாள். சாம்பல் நிற இருட்டுக்குள் வில்லாக வளைந்த ஒரு முதுகெலும்பு மெல்ல மேலெழுந்து நின்றது.

"முதுகைக் காட்டுதா? போன தடவை அதுவும் இப்படித்தான் செஞ்சுதுன்னு சொன்னீங்களே" என்றாள் தாய். "பிடிவாதம். அப்பாவைக் கொண்டிருக்கு."

"கொஞ்சம் பொறுங்கம்மா. திரும்பும்."

இம்முறை எத்தனை மணியானாலும் பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பொறுக்கவேண்டி வரவில்லை. பிள்ளை உடனே திரும்பியது. நான்கு அறைகள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று துடித்தன. இடது கீழே வெறும் கீறல்.

கீறலின் இரு கரைகளிலும் அளவுக் குறிகளை வைத்தாள். ஐந்து புள்ளி இரண்டு. அழித்தாள். குறிகளை இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாள். பூச்சியம் காட்டவேண்டும்.

ஐந்து புள்ளி இரண்டு.

இந்தத் தாய்க்கு இருபது வாரம். திரையின் மூலையில் இருபத்திரண்டு வாரம், மூன்று நாள் என்றிருந்தது. போன வருஷம் அந்தப் பிள்ளைக்கு அவள் கையால் தட்டிய கணக்கு.

"நல்லாருக்காக்கா?"

ப்ரோப்பை எடுத்தாள். துடைத்தாள். கொக்கியில் மாட்டினாள்.

திரையிலிருந்து படம் போகவில்லை.

தாய் திரையைப் பார்த்தபடி தலையைத் தூக்கினாள். "இதோ, முகம் தெரியுதே! உங்களைத்தான் பார்க்குதுக்கா."

"போன தடவை நான் பார்க்கலைம்மா" என்றாள் ஸ்கேன் எடுப்பவள். "திரும்பலைன்னு வேற பிள்ளையோட அளவை எழுதிட்டேன்."

தாயின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. ஜெல்லைத் துடைக்காமல், சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூடப் போடவில்லை. கதவு திறந்தது. மூடியது.

சொல்லியாயிற்று. இனி படம் போய்விடும்.

போகவில்லை.

மூன்று அறைகள். ஒரு கீறல். கண்ணிமைகள் மூடியிருந்தன, அந்த வயதில் மூடித்தான் இருக்கும். முகம் மட்டும் அவள் நின்ற பக்கம். சுவரோரம் நகர்ந்தாள். முகமும் நகர்ந்தது.

நான்கு நாற்பதுக்கு மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

துடிப்பு நிற்கவில்லை, நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு.