ரெண்டரைப் பேர்

கதவைச் சாத்துவதில் எத்தனையோ வகை உண்டு. மாத்தளை டவுனில் வாடகை வீடு தேடி அலைந்த நாட்களில் அஞ்சலா அத்தனை வகையையும் பார்த்துவிட்டாள்.

சிலர் படாரென்று சாத்துவார்கள். அதுகூடப் பரவாயில்லை, கோபக்காரர்கள் என்று விட்டுவிடலாம். சிலர் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே சத்தம் வராமல் மெதுவாகச் சாத்துவார்கள். அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

"கண்ணு தெரியாத மனுசன். அடுப்பக் கவுத்து வீட்டைக் கொளுத்திட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார் ஒருவர்.

"ஆள் வரலாம். நாய் ஏலாது," என்றார் இன்னொருவர்.

"நாய் வந்தாத்தாங்க எங்கப்பா வர முடியும்..."

அஞ்சலா சொல்லி முடிக்கவில்லை. அந்தக் கதவும் மூடிவிட்டது.

அஞ்சலாவுக்குப் பதினொரு வயது. அவளும் அவளுடைய அப்பா ராஜநாயகமும் எல்கடுவ மலைத்தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், ஓர் அறைக் காம்பிராவில் இருந்தார்கள். அம்மா காய்ச்சலில் இறந்து வெகுநாளாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன், லயத்துக்கு வெள்ளையடிக்கும்போது ஏணி சரிந்து, ஒரு வாளிச் சுண்ணாம்பு அப்பாவின் முகத்தில் கவிழ்ந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தானே லயத்தில் இடம்? இப்போது இந்த மாதக் கடைசிக்குள் காம்பிராவைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்குத் துணை மணி. தவிட்டு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், வால் மட்டும் ஓயவே ஓயாது. அவன் கழுத்திலிருந்த தோல்வாரைப் பிடித்துக்கொண்டு அப்பா எங்கேயும் நடப்பார். யாரும் வந்து சொல்லித்தரவில்லை. விழுந்து, எழுந்து, காயம்பட்டு, அப்பாவே அவனைப் பழக்கிக்கொண்டார்.

டவுனில் நுஹ்மான் முதலாளியின் சாதிக்காய்க் கடையில் அப்பாவுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. சாதிக்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தால், காய்ந்தது எது, காயாதது எது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிரித்துப் பிரித்துக் கூடையில் போடவேண்டும், அவ்வளவுதான்.

"வேல தாறன். ஆனா டவுன்லயே ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்க," என்றார் முதலாளி. "எல்கடுவயில இருந்து நாயோட எந்த பஸ்ஸில வருவீங்க?"

அவர் கேட்டதும் சரிதான். சி.டி.பி. அரசு பஸ்ஸில் மணியை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர்கள் ஒரே பிடிவாதம். அன்றைக்கும் மூவரும் விடியும் முன்பே கிளம்பி, மலைப் பாதையில் நடந்துதான் வந்திருந்தார்கள்.

கடை வாசலில் சாக்கு மூட்டை ஒன்றின்மேல் அப்பா உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சலா, லக்கலப் பக்கம் காட்டை வெட்டி சேனைப் பயிர் போடுற ஒருத்தரு நாய் கேக்குறாராம். யானை வந்தா குரைக்கணுமாம். கடை லொறி அந்தப் பக்கம் போகுது. மணிய ஏத்தி விட்டுருவோம்."

அஞ்சலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப நீங்க எப்படிப்பா நடப்பீங்க?"

"நீ இருக்கியே."

"நான் பள்ளிக்கூடம் போக வேணாமா?"

அப்பா மணியின் மடிந்த காதைத் தடவினார். மணியோ தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க இங்கேயே இருங்கப்பா. நான் மட்டும் இன்னொரு தரம் கேட்டுப் பாத்துட்டு வாறேன்," என்று எழுந்தாள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு பின் அறை காலியாக இருப்பதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். அது மஸூதா என்ற அம்மாவின் வீடு. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே வந்து கதவைத் திறந்தார்.

"யாரு புள்ள?"

"அறை வாடகைக்கு இருக்குன்னு சொன்னாங்க மாமி. எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது. நுஹ்மான் முதலாளி கடையில வேலை."

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று அவள் பழகியிருந்தாள். மஸூதா மாமி கொஞ்சம் யோசித்தார். கதவைச் சாத்தவில்லை.

"நுஹ்மான் வேல குடுத்தா நல்ல மனுசனாத்தான் ஈக்கணும். வந்து பாரு."

பக்கத்துப் பாதை வழியாக ஒரு சின்ன முற்றம். இந்தக் கோடியில் அறை, அந்தக் கோடியில் கிணறு, நடுவே துணி காயும் கொடி. அறையில் பழைய கொக்கோ வாசனை அடித்தது. கூரையில் ஒரு மூலை ஒழுகும் என்று மாமியே சொன்னார். அஞ்சலாவுக்கு அது மாளிகையாகத் தெரிந்தது.

"எத்தனை பேர் ஈக்கீங்க?" என்று கேட்டார் மாமி.

"ரெண்டரைப் பேர்," என்றாள் அஞ்சலா, சற்றும் யோசிக்காமல்.

இதை நான் கொஞ்சம் விளக்கவேண்டும். தோட்டத்தில் முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதி நாளில் திரும்பிவிட்டால் அரைப்பேர். அங்கே எல்லோர் வாயிலும் இந்தப் பேச்சுத்தான். மணி காலையெல்லாம் ஓடியாடி வேலை செய்வான், மத்தியானம் வந்தால் காலை நீட்டித் தூங்கிவிடுவான். அதனால் அப்பா அவனுக்கு விளையாட்டாக அரைப்பேர் போடுவார். அதே வழக்கம் மகள் வாயிலும் வந்துவிட்டது.

மாமிக்குத் தோட்டத்துப் பேச்சு எங்கே தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்த அரை யாரு?"

"மணி."

"சின்னவனோ? எத்தனை வயசு?"

"அஞ்சு, மாமி."

"குழப்படி செய்வானோ?"

"சீச்சீ! சொன்ன பேச்சு கேப்பான். தூங்கும்போது மட்டும் குறட்டை விடுவான்."

"அஞ்சு வயசில குறட்டையோ! அல்லாவே!" மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி மகள், பின்னேரம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. அந்தக் குறட்டைக்காரனுக்குப் பணியாரம் சுட்டு வெக்கிறன்."

அஞ்சலா கடைக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. ஆனால் அவள் சொல்லச் சொல்ல அது மெல்ல வாடியது.

"அடியே, அஞ்சு வயசு, குறட்டை, பணியாரம்... அவங்க மணிய உன் தம்பின்னுல்ல நெனச்சிருக்காங்க!"

அஞ்சலாவின் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பு கையிலிருந்து விழுந்தது.

"நான் பொய் சொல்லலப்பா."

"தெரியும்மா." அப்பா பெருமூச்சு விட்டார். "கெடச்ச அறை கெடச்சதாவே இருக்கட்டும். மணிய லொறியில ஏத்திருவோம். தம்பி சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிக்கலாம்."

அறை வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். மணியும் வேண்டும். எல்லாம் ஒன்றாகக் கிடைக்காது என்று அஞ்சலாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு அடுப்படியில் நிற்கும் மாமியின் நினைவுதான் வந்தது.

"இல்லாத தம்பிக்காக மாமி பணியாரம் சுட்டுக்கிட்டு இருக்காங்கப்பா. எனக்கு என்னவோ போல இருக்கு. வாங்க, இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லிட்டு வந்துருவோம்."

அவர்கள் போய்ச் சேரும்போது தூறல் தொடங்கிவிட்டது. பக்கத்துப் பாதையின் முடிவில் ஒரு கல்படி. மணி அதன்முன் டக்கென்று நின்றான். அப்பா காலால் துழாவிப் படியைத் தொட்டு, "ம்" என்றார். அதற்குப் பிறகுதான் அவன் ஏறினான்.

மாமி மூடி போட்ட தட்டோடு சிரித்தபடியே வந்தார். "வாங்கோ, வாங்கோ. எங்க நம்மட குறட்டைக்காரன்?"

அஞ்சலா தொண்டையைச் செருமினாள். "இதுதான் மாமி... மணி."

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நாயா! யா அல்லாஹ்! இந்த வயசில என்னைய இப்படி ஏமாத்தலாமா புள்ள?"

அஞ்சலா தட்டுத்தடுமாறி அரைப்பேர் கதையைச் சொன்னாள். "நான் ஏமாத்தணும்னு சொல்லல மாமி. எங்க பேச்சு அப்படி. தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தோம்," என்றபோது குரல் உடைந்துவிட்டது.

மாமியின் கோபம் தணிந்தது. ஆனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் அஞ்சு வேளையும் தொழுற மனுசி, மகள். தொழுற உடுப்பு அந்தக் கொடியிலதான் காயுது. நாய்ட வாய் ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண்ணு போட்டு. கிணத்தடிக்கு அது வந்துபோனா நான் எங்க போறது? என்னால ஏலாது."

"விடுங்க ராத்தா. உங்க மேல குத்தமில்ல," என்றார் அப்பா. அவர் திரும்புவதற்காக மணியின் வாரை இழுத்தார்.

மழை வலுத்தது. அஞ்சலா மட்டும் நகரவில்லை. அவளுக்குள் ஏதோ ஓடியது. இத்தனை வீடுகளில் எல்லோரும் "ஏலாது" என்றார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

"மாமி, கிணத்துப் பக்கமும் கொடிப் பக்கமும் மணி வரவே வராட்டி?"

"நாய்க்கு யாரு புள்ள எல்லை போடுற?"

அஞ்சலா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் ஒரு நீண்ட பலகை சாத்தியிருந்தது. அதைத் தரதரவென்று இழுத்துவந்து, கொடிக்கு இந்தப் பக்கமாக முற்றத்தின் குறுக்கே போட்டாள். தாண்டிப்போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டாள்.

"அப்பா, வாரை விடுங்க. பேசாம நில்லுங்க. மணி! வாடா!"

மணி பாய்ந்து ஓடினான். "ஐயையோ!" என்று கொடிப் பக்கம் நின்ற மாமி தட்டைத் தூக்கிப் பிடித்தார். பலகையருகே வந்ததும் மணி டக்கென்று நின்றுவிட்டான். முன்னங்கால் இரண்டும் பலகையை ஒட்டி இருந்தன. அஞ்சலா மறுபடி கூப்பிட்டாள். அவன் முனகினான், வாலை ஆட்டினான், திரும்பி அப்பாவைப் பார்த்தான். தாண்டவில்லை.

"நான் ஒருக்கா தண்ணி போற கானுக்குள்ள விழுந்து காலை ஒடச்சுக்கிட்டேன் ராத்தா," என்றார் அப்பா. "அதுக்குப் பொறகு பழக்கினேன். படியோ பலகையோ, கால் தடுக்குற எதுவா இருந்தாலும் நான் 'ம்' சொல்லாம தாண்ட மாட்டான்."

மாமி நம்பவில்லை. தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து, பலகைக்கு அந்தப் பக்கம் விழும்படி போட்டார். நெய் வாசனை குப்பென்று அடித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர மணியின் வாயில் எதுவும் படவில்லை. கழுத்தை நீட்டினான். எச்சில் ஒழுகியது, இந்தப் பக்கத்திலேயே ஒழுகியது. பிறகு மழையில் நனைந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பணியாரம் மழையில் ஊறிக் கரையத் தொடங்கியது. மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலாவுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தது. கொடுத்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும், போதும்! பாவம், சாப்பிடச் சொல்லுங்கோ," என்றார் மாமி.

"சொன்னா தாண்டிருவான் ராத்தா. அப்புறம் உங்களுக்குக் கஷ்டம்."

கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமி பலகைக்கு அந்தப் பக்கத்தில் நின்றபடியே குனிந்து, தட்டில் இருந்த மற்றப் பணியாரங்களை ஒவ்வொன்றாக மணியின் பக்கம் போட்டார். அவன் விழுங்கிய வேகத்தைப் பார்த்து, "மெதுவா, மெதுவா. தொண்டையில அடைக்கும்," என்று அதட்டினார்.

"தண்ணி நானே அள்ளிக்கிறேன் மாமி," என்றாள் அஞ்சலா அவசரமாக. "அவன் சட்டி தனியா இருக்கும். பலகையை யாரும் எடுக்காம பாத்துக்கிறேன்."

"அத நான் பார்த்துக்கொள்றன். என்ட வீட்டுப் பலகை," என்றார் மாமி. மடியிலிருந்து அறைச் சாவியை எடுத்து அஞ்சலாவின் கையில் வைத்தார். "தெருவில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. பேசட்டும். மழையில நிக்காம உள்ளுக்குப் போங்கோ."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்சம் தப்பான திசையில் கும்பிட்டார். அஞ்சலா அவர் தோளைப் பிடித்து மாமியின் பக்கம் திருப்பிவிட்டாள்.

வீட்டுக்குள் போகத் திரும்பிய மாமி, ஏதோ நினைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ராவைக்கு இவன் என்ன சாப்பிடுவான்?"

அஞ்சலா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"எது குடுத்தாலும் சாப்பிடுவான் மாமி. பாவக்காய் மட்டும் வேணாம்."