312 அசைபோடுகிறது

312 அசைபோடுகிறது என்று திரை காட்டியபோது ரதிதேவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் 312 மாடே இல்லை, வின்சென்ற். மன்னார்க்காரன், முப்பத்து நாலு வயது, தெற்குத் தீவின் அடிக்கோடியில் முன்னூறு கறவை மாடுகளுக்குப் பொறுப்பான பண்ணை மேலாளர். மனுஷன் எங்கேயாவது அசைபோடுவானா? பையில் பிஸ்கட் வைத்திருப்பான், நடந்துகொண்டே மெல்லுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பொத்தானை அழுத்தினாள்.

நாட்டின் வடக்குத் தீவில் இருக்கும் ஆல்பனியில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பளிச்சென்று வெயில் அடித்தது. அலுவலகத்தில் அவளைத் தவிர ஆளில்லை. ஹீட்டரின் சுட்ட தூசி வாசனையும், மைக்ரோவேவில் சூடு பண்ணிய சாம்பார் சாதத்தின் வாசனையும் மட்டும் கூட இருந்தன. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மாடுகளின் கழுத்துக் காலர்களை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. காலர் எந்தப் பக்கம் கூவுகிறதோ, மாடு அந்தப் பக்கம் திரும்பும். அதிர்ந்தால் நேரே நடக்கும். யாரும் எதையும் அழுத்தாவிட்டால், ‘வீடு’ என்று குறித்து வைத்த இடத்துக்குக் காலரே மாட்டைக் கூட்டிப் போகும். வின்சென்றின் பண்ணைக்கு வீடு, பால் கறக்கும் கொட்டகை.

திரையில் இருக்கும் வரைபடம், விழித்திருக்கும் காலர்கள் அத்தனையும் தெரியும்படி தானாகவே விரியும், சுருங்கும். காலையில் மேசைமேல் கிடந்த மாதிரிக் காலரை அணைக்க மறந்து, பண்ணைக்குப் பதிலாக முழு நாடும் விரிந்து நிற்க, தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதை அணைத்திருந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் வின்சென்ற் கூப்பிட்டான். போனில் அவன் குரலைவிடக் காற்றின் குரல் பெரிதாக இருந்தது.

“அக்கா, ஒண்டும் தெரியேல்ல. என்ர கையே எனக்குத் தெரியேல்ல, அவ்வளவு பனி. கண்டு போடுற மாடுகளைப் பாக்க வந்தனான். பைக் பள்ளத்துக்க இறங்கிட்டுது. போன்ல சார்ஜும் முடியப் போகுது.”

“பைக் பெட்டியில ஸ்பேர் காலர் இருக்கா தம்பி?”

“ஓம், ஒண்டு கிடக்கு.”

“அதை எடுத்துக் கழுத்துல மாட்டுங்க. கூவுற பக்கம் திரும்புங்க, அதிர்ந்தா நேரா நடங்க. நான் கொண்டுபோய்ச் சேக்கிறேன்.”

“என்னை மாடாக்கப் போறியளோ?”

“மாடாவாவது உயிரோட இருங்க.”

அதோடு போன் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் 312 என்ற புள்ளி திரையில் முளைத்தது.

அவளுக்கு ஒரு பழைய ஆத்திரம் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் வேறொரு பண்ணையில் இதே மாதிரிப் பனிப்புயல். பண்ணைக்காரர் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது விதி. விதியை மதித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று தள்ளிய பக்கம் போய் வேலியில் முட்டி நின்ற எண்பது மாடுகள், எண்பது புள்ளிகள், ஒவ்வொன்றாக அசைவு நின்றதை அவள் பார்த்தாள். இனி என் கண்முன்னால் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டேன் என்று அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னாள். சொன்னது சொன்னதுதான்.

312 சொன்னபடி கேட்டது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. இடுப்பளவு பனியில் தடுமாறி நடக்கிறவன் அங்கங்கே நின்று மூச்சு வாங்குவான் என்று எதிர்பார்த்தாள், இது நிற்கவேயில்லை. சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்வதற்குள் நேராகக் குறுக்கே வந்துவிட்டது. பைன் மரங்களின் மறைவில் ஒண்டியிருந்த முன்னூறு புள்ளிகளும், 312 பக்கத்தில் வந்தபோது, ஒரே நேரத்தில் எழுந்து தூரத்து வேலி வரைக்கும் விலகிப் போயின. மேய்க்கிறவனைக் கண்டு மாடு ஓடுமா? காலர் காட்டிய கழுத்துச் சூடு, மைனஸ் நாலு டிகிரி. நனைந்திருக்கும் என்றாள் வாய்விட்டே. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

கொட்டகைக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போது மேசைத் தொலைபேசி அடித்தது. கொட்டகையின் எண்.

“அக்கா, நான் வின்சென்ற். வந்து சேர்ந்திட்டன்.”

அவள் திரையைப் பார்த்தாள். நாற்பது மீட்டர்.

“இப்பவா வந்தீங்க?”

“அரை மணித்தியாலம் ஆச்சு. கம்பி வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு வந்தனான். விரல் விறைச்சு, இப்பதான் நம்பர் அழுத்த முடிஞ்சுது. அந்தக் கொலர் பைக்கடியிலயே கழண்டு விழுந்திட்டுது. மாட்டுக் கழுத்துக்குச் செய்தது எனக்கு நிக்குமே?”

முப்பது மீட்டர். இருபது.

அப்படியானால் இவ்வளவு நேரமும் அவள் யாரைக் கூட்டி வந்தாள்?

“ஒரு மாடு கதவடியில வந்து நிக்குது போல” என்றான் வின்சென்ற். “மெல்லுற சத்தம் கேக்குது. பாவம், உள்ளுக்கு விடட்டோ?”

“திறக்காதீங்க!”

அவள் கத்தியேவிட்டாள். அப்போது தொலைபேசிக்குள், தகரக் கதவுக்கு அப்பாலிருந்து அவளுக்கும் அது கேட்டது. ஈரமான, நிதானமான மெல்லல். பசியில்லாத வாய் மெல்லுகிற மாதிரி. அவசரமே இல்லை.

இடது என்று அழுத்தினாள். போனில் கூவல் கேட்டது. மெல்லல் நின்றது. புள்ளி திரும்பி நடந்தது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் துரத்திவிட்டு விரலை எடுத்தாள். உடனே அது திரும்பிக் கொட்டகைக்கு வந்தது. வீடு அல்லவா. மறுபடி துரத்தினாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை கதவு படாரென்று அதிர்ந்தது.

“அக்கா, இது மாடில்ல” என்றான் வின்சென்ற். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. “உள்ளங்கையால தட்டுது.”

புயல் திங்கட்கிழமை வரை ஓயாது. அந்தத் தகரம் அதுவரை தாங்காது. 312-ஐ இங்கிருந்து அணைக்க முடியாது, வீட்டைத்தான் மாற்ற வேண்டும். இங்கிருந்து மாற்றுவதானால், விழித்திருக்கும் இன்னொரு காலர் இருக்கும் இடத்தைத்தான் வீடு என்று குறிக்க முடியும். அங்கே இருந்தவை மாடுகள், நிறைசினையாய் முன்னூறு. அவற்றின் நடுவில் இதைக் கொண்டுபோய் விடுவதா? முடியாது. ஒன்றைக்கூட விடமாட்டாள்.

மேசையில் மாதிரிக் காலர் கிடந்தது.

பயந்துதான் இருந்தாள். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. காலரை விழிக்க வைத்தாள். வரைபடம் நாடு முழுதும் விரிந்தது. வீடு என்று தன் மேசையைக் குறித்து, மாடுகளின் புள்ளிகளைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“கூப்பிட்டது நான்தானே? அந்தப் பையன்கிட்ட உனக்கு என்ன வேலை? இங்க வா” என்றாள்.

“அக்கா, சத்தம் நிண்டிட்டுது. எங்க போச்சு?”

“தூரமாப் போயிடுச்சு தம்பி. நீங்க போர்வையைச் சுத்திக்கிட்டு அங்கயே இருங்க. விடியறவரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதீங்க. நான் தட்டினாலும்தான்.”

தொலைபேசியை வைத்தாள்.

மிச்சமிருந்த இரண்டு புள்ளிகளுக்கேற்ப வரைபடம் சுருங்க ஆரம்பித்தது. பத்து விநாடிக்கு ஒருமுறை புள்ளி மாறும். அடுத்த பத்து விநாடியில் தெற்குத் தீவின் அடி, திரைக்கு வெளியே போயிருந்தது. அடுத்ததில் கடல். அடுத்ததில் ஹாமில்டன்.

கார் சாவி கைப்பையில் இருந்தது. ஓடலாம். காலரை அணைத்துவிட்டு ஓடினால், அது பழைய வீட்டுக்கே திரும்பும். அணைக்காமல் ஓடினால், இங்கே வந்தபின் அதைப் பிடித்து நிறுத்த ஆளிருக்காது.

அவள் எழுந்திருக்கவில்லை.

ஆல்பனியின் தெருக்கள் தெரிந்தன. பிறகு வண்டி நிறுத்துமிடம். பிறகு இந்தக் கட்டடம்.

ஹீட்டர் நின்றது. வெயில் ஜன்னலில் அப்படியேதான் இருந்தது. கண்ணாடிக் கதவில் கீழிருந்து மேலாக வெள்ளை படர்ந்தது. ஈர வைக்கோல் நாற்றம். அதற்கடியில் இன்னொரு நாற்றம்.

இடது. அழுத்தினாள்.

நடைவழியில் கூவியது.

வலது.

கதவருகே கூவியது.

“சொன்னாக் கேக்குற இல்ல? கேளு” என்றாள். “நான் சொல்றவரைக்கும் கேளு.”

கதவு தானாகத் திறந்தது. விரிப்பின்மேல் பனி. அதில் தடம். ஒன்று. இன்னொன்று. வெறுங்கால்.

நேரே திரையையே பார்த்தாள். 312 வீடு வந்து சேர்ந்தது. 312 அசைபோடுகிறது.

காதுக்குப் பின்னால் மெல்லும் சத்தம்.

மேசையில் இருந்த மாதிரிக் காலரைக் காணவில்லை.

கழுத்தில் ஏதோ சில்லென்று படிந்தது. பிடரியில் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவளுடைய இடது காதோரம் கூவியது.

ரதிதேவி திரும்பவில்லை.