ஈ அண்டாத வீடு

பெரிவெனி கிராமத்தில் ஒரு காலத்தில் ஈத்தொல்லை இல்லாத நிம்மதியான தூக்கத்துக்கு விலை இருந்தது. இருபது லிட்டர் ஒயின்.

கூட்டுப் பண்ணை கலைந்த வருஷம் அது. பண்ணையின் பூச்சிமருந்துக் கிடங்கில் காவல் இருந்தவனிடம் அந்த இருபது லிட்டரைக் கொடுத்துவிட்டு, நிக்கிஃபோர் கிஷ்கா ஆறு மூட்டை டி.டி.டி. பவுடரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. பேரம் படிந்த குஷியில் காவல்காரன் கிடங்கின் இரும்புத் தராசையும் கொசுறாகத் தூக்கிப் போட்டான். கீழே பலகை, மேலே தண்டு, தண்டில் நகர்கிற குண்டு. நல்ல கனம். கொசுறாக வந்த பொருளை யார் உரசிப் பார்க்கிறார்கள்?

அதிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஊரே வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, நிக்கிஃபோரின் மனைவி தாசியா மட்டும் சுண்ணாம்பு வாளியில் அந்தப் பவுடரை அள்ளிப் போட்டுக் கலக்குவாள். ஆகஸ்ட் மாதத்தில் ஊரெல்லாம் பிளம் பழம் காய்ச்சும். எல்லார் வீட்டுச் சட்டியிலும் ஈ மொய்க்கும். இவர்கள் வீட்டில் ஒன்று கூட இருக்காது. "என் வீட்டுல ஒரு ஈயைக் காட்டு, பத்து லேய் தர்றேன்" என்று நிக்கிஃபோர் விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டுவான். பதினான்கு வருஷத்தில் அந்தக் காசு கை மாறவே இல்லை.

மூட்டைகள் கை மாறிய அன்று கிடங்குக் கணக்கர் சிதோர் காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தால் மூட்டைகளும் இல்லை, தராசும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். "கணக்கு இடிக்குதுப்பா, குடுத்துருங்க." ஊர் சிரித்தது. பண்ணை நடத்திய நாடே உடைந்துபோச்சு, கணக்கு யாருக்கு என்றது. அந்த ஜனவரியில், கிடங்கில் தராசு இருந்த இடத்தில் சம்மணமிட்டபடி அவர் விறைத்துக் கிடந்தார். விரலிடுக்கில் சாக்பீஸ் இருந்தது.

பதினான்கு வருஷம் கழித்து, ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வெள்ளை வேனில் எஃப்ரோசினா மேடம் வந்து இறங்கினாள். தலைநகரத்திலிருந்து வந்த நச்சுப்பொருள் அதிகாரி. கையில் சிதோரின் பழைய பேரேடு இருந்தது. நிக்கிஃபோர் வழக்கம்போல ஒயினும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தான். அவள் தொடவில்லை. சுவரைப் பார்த்தாள். பிறகு பிளந்து வைத்திருந்த பிளம் பழத்தைப் பார்த்தாள்.

"ஒரு ஈ கூட இல்லையே."

"சுத்தமான வீடு மேடம்" என்றான் நிக்கிஃபோர். பந்தயத்தைப் பற்றி இம்முறை பேசவில்லை.

"கிடங்குல இருந்ததெல்லாம் டிரம்முல அடைச்சாச்சு. பேரேட்டுப்படி இன்னும் நூத்தியம்பது கிலோ வரணும். வெள்ளிக்கிழமை லாரி கிளம்புது, நேரா வெளிநாட்டு உலைக்கு. அதுக்கப்புறம் இன்னொரு லாரி வராது. அரசாங்கத்துக்கிட்டப் பணம் இல்ல. யார்கிட்ட இருந்தாலும் குடுத்துடலாம், கேஸ் கிடையாது."

"மூட்டையா இல்லாம... சுவத்துல இருந்தா?"

"சுவத்துல யாராவது வெப்பாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"சுரண்டணும். சுரண்டியும் அடங்கலைன்னா இடிக்கணும். நஷ்டஈடு கிடையாது, திருட்டுச் சொத்தாச்சே." அவள் பேரேட்டை மூடினாள். "நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் நான் சுவத்துல கை வைக்க முடியும். சட்டம் அப்படி."

அடுப்புத் திண்டின் மேல் இலிங்கா படுத்திருந்தாள். ஆறு வயது மகள். மூன்று மாதமாகக் கை நடுக்கம். கரண்டியில் எடுத்த சோளக்களி வாய்க்குப் போவதற்குள் பாதி கீழே விழும். மாவட்ட ஆஸ்பத்திரியில் முதலில் குடல்பூச்சி என்றார்கள். அப்புறம் நரம்பு என்றார்கள். பூச்சிக்கும் நரம்புக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள்.

நிக்கிஃபோர் சொல்லவில்லை. மாஸ்கோவில் பதினொரு குளிர்காலம் அடுத்தவனுக்குச் செங்கல் அடுக்கிச் சம்பாதித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது.

எஃப்ரோசினா போன பிறகு, அவள் தொடாத ஒயினைத் திரும்ப ஊற்றிவைக்க நிலவறைக்கு இறங்கினான். வெளியே வெயில் காய்ந்தது. படி இறங்க இறங்கக் குளிர் காலைப் பிடித்தது. பீப்பாய்களின் புளிப்பு வாசனைக்கு அடியில் பவுடரின் வாடை, கெட்டுப்போன மிட்டாய் போல லேசாக இனித்துக்கொண்டிருந்தது. மூலையில் தார்ப்பாய் மூடிய மிச்ச மூட்டைகள். பக்கத்தில் தராசு.

டக்.

தண்டில் குண்டு ஒரு பல் நகர்கிற சத்தம்.

எலி என்று நினைத்தான். அந்த வீட்டில் எலியும் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தராசுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 18.3.

"தாசியா! தராசுல உருளைக்கிழங்கு நிறுத்தியா?"

"நான் எதுக்கு நிறுக்கணும், எனக்கு வேற வேல இல்லையா?" என்று மேலிருந்து குரல் வந்தது. அவன் சட்டைக் கையால் எழுத்தைத் துடைத்துவிட்டு மேலே வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுவரில் 17.9 என்றிருந்தது. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு, காலில் ஒரு வால். அந்த மாதிரி ஏழு அவனுக்குத் தெரியும். கிடங்கில் ஒவ்வொரு மூட்டையின் மீதும் சிதோர் போடுகிற ஏழு அது.

புதன்கிழமை 17.6.

அன்று மத்தியானம் எஃப்ரோசினாவின் உத்தரவுப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். மருத்துவ நிலையத்தில் நர்ஸ் இலிங்காவைத் தூக்கி எடை மெஷினில் நிறுத்தினாள். ஒரு கையால் தாசியா பிள்ளையின் நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு அறுநூறு" என்றாள் நர்ஸ். "என்னம்மா, காத்தையா குடுக்குற இவளுக்கு?"

நிக்கிஃபோர் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினான். நிலவறைப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான்.

"சிதோர் அண்ணே."

வாடை கூடியது. நாக்கில் இனிப்பாக ஒட்டியது.

"அண்ணே, நான்தான் எடுத்தேன். பிள்ளை என்ன பண்ணும்? அவ அப்போ பொறக்கவே இல்ல. என்னை எடை போட்டுக்க. எண்பது கிலோ இருக்கேன், கழிவு இல்லாத எண்பது. அவளவிட நாலு பங்கு. இதவிட நல்ல பேரம் யார் குடுப்பா?"

தராசுப் பலகையில் ஏறி நின்றான்.

தண்டு அசையவில்லை.

குதித்தான். மிதித்தான். குண்டைத் தானே பிடித்துத் தள்ளினான். பலகையின் மேல் ஒன்றுமே இல்லாததுபோல் தண்டு அப்படியே கிடந்தது.

அவன் காதுக்குப் பக்கத்தில், சுவரில், சாக்பீஸ் உரசியது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, நீளமாக ஒரு இழுப்பு, பிறகு குறுக்கே ஒரு சின்னக் கோடு.

வேனில் எஃப்ரோசினா சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் கீழே வைத்தாள்.

"ஆறு மூட்டை மேடம். ஒண்ணு முழுசா தீந்துது, ஒண்ணு பிரிச்சது. பதினாலு ஈஸ்டரா சுண்ணாம்புல கலந்தோம். இடிங்க. சுரண்டுங்க. எதையும் மிச்சம் வைக்காதீங்க. நஷ்டஈடு வேணாம். ஒரு கிராம் கூட அந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"திங்கக்கிழமை சொல்லியிருக்கலாம் நீங்க" என்றாள் அவள் மெதுவாக.

வியாழக்கிழமை முழுக்க முகமூடி போட்ட ஆட்கள் சுவரைச் சுரண்டினார்கள். பதினான்கு வருஷம் ஏறிய வெள்ளை, ஏடு ஏடாக உரிந்து பையில் விழுந்தது. கூரையைப் பிரித்து, சுரண்டியும் அடங்காத சுவர்களை இடித்தார்கள். தாசியா வேலியோரம் உட்கார்ந்து, மடியில் கிடந்த பிள்ளையின் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

"ஏம்ப்பா நிக்கிஃபோர், இப்பவாவது விடுமா?" என்றாள்.

"என்ன?"

"எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுது. மூணு மாசமா. உன்கிட்ட சொன்னா எலிம்பே."

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டை, டிரம், பை, தராசு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. தராசை ஏற்றும்போது நிக்கிஃபோர் கூடவே நின்று, கயிறு இறுக்கிக் கட்டியதைச் சரிபார்த்தான். பாலத்தைத் தாண்டி லாரி கண்ணுக்கு மறையும்வரை பார்த்தான். இலிங்காவைத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் நின்றது. மருந்தை எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் அவளை மறுபடி எடை பார்த்து, சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிஷ்கா, வாங்க. கையெழுத்துப் போடணும்." எஃப்ரோசினா வேனின் முகப்பில் பேரேட்டை விரித்திருந்தாள். "சுரண்டின சுண்ணாம்புல எவ்வளவு இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க. வந்தத மட்டும் எழுதியிருக்கேன். கடைசி வரி கூட்டிப் பாத்து எழுதணும், கால்குலேட்டர் உள்ள இருக்கு. இருங்க."

அவள் வேனுக்குள் குனிந்தாள்.

காற்று இல்லை. சாலை காலியாக இருந்தது. சுவர் இல்லாமல் நின்ற வீட்டின் அடியிலிருந்து, திறந்து கிடந்த நிலவறையின் இருட்டிலிருந்து, தெளிவாகக் கேட்டது.

டக்.

எஃப்ரோசினா திரும்பி வந்து பக்கத்தைப் பார்த்தாள். "இத யார் எழுதினது? நீங்களா? இது சாக்பீஸாச்சே." விரலால் கணக்கை மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தாள். "ஆனா கூட்டல் சரியாத்தான் இருக்கு."

நிக்கிஃபோர் சீட்டைப் போட்டுவிட்டு ஓடினான். ஆம்புலன்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டுங்க, ஓட்டுங்க, எங்கயாவது ஓட்டுங்க" என்று கத்தினான். டிரைவர் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினான்.

பேரேடு வெயிலில் விரிந்து கிடந்தது.

இருப்பு: 150.0
வரவு, முழு மூட்டை நான்கு: 100.0
வரவு, பிரித்த மூட்டை: 19.4
வரவு, சுவரிலிருந்து: 13.4
வர வேண்டியது, பிள்ளை ஒன்று: 17.2