விக்ரமின் நாற்காலி

"ஐயோ... பொணம்! பொணம்!"

தென்னேரி ஏரியில் மாடு குளிப்பாட்ட வந்தவர் போட்ட கூச்சலில் கொக்குகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

மிதந்தது விக்ரம். வயது இருபத்தொன்பது.

ஏனாத்தூர் பக்கமிருக்கும் சிறுநீரக மரபணு ஆய்வு மையத்தில் ஆராய்ச்சியாளன். ஏரிக்கரை கிராமங்களில் கிட்னி கெட்டுச் சாகிறவர்கள் ஏன் இத்தனை பேர்? குற்றவாளி தண்ணீரா... பரம்பரை ரத்தமா? அதைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை.

இருபதாவது நாள் அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள் டாக்டர் பிரியதர்ஷினி.

உட்கார்ந்த மறுநிமிஷம் எதிரில் நின்றார், மையத்தின் தலைவர் புரொபசர் பிரேம்நாத்.

"யாரைக் கேட்டு இங்க உட்கார்ந்தே?"

"சார்... நேத்து ஆர்டர் வந்துச்சு..."

"சென்னைக் கமிட்டி குடுத்த ஆர்டர்! நான் கேட்கல. ஐயம்பேட்டைல தறி நெய்யற வீட்டுப் பொண்ணுக்கு ஜீனைப் பத்தி என்னா தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"எந்த இழை அறுந்துச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியும் சார்!"

"ஒரே மாசம். நீயே எழுதிக் குடுத்துட்டு ஓடுவ. ஓட வைப்பேன்!"

சொன்னதைச் செய்தார். கம்ப்யூட்டரைப் பிடுங்கினார். ஃப்ரீசர் அறைச் சாவியைத் தர மறுத்தார். மீட்டிங்கில் அவள் வாயைத் திறந்தால், "டீ எங்கம்மா?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் அக்கா புருஷன் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அவள் எப்படி ஓடுவாள்?

நாலாவது வாரம் விக்ரம் பெயருக்கு ஒரு கூரியர்!

ஹைதராபாத் லேப் ஒன்றிலிருந்து. கிராமத்து ஆட்கள் அறுபது பேரின் ரத்தம் என்று ஃப்ரீசரில் இருந்ததை, சாவதற்கு முன் அவன் முழு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தான்.

பிரித்தாள். படித்தாள்.

திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்!

நாலு நாள் கழித்து, மதியம். பிரேம்நாத் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"அறிவில்ல? தட்டிட்டு வரத் தெரியாது?"

"சார், வியாதி பரம்பரைதான்னு டெஸ்ட்டே பண்ணாம டெல்லி கவர்மென்ட்டுக்கு எழுதிட்டீங்க. அதனால ஏரித் தண்ணிய இன்னிக்கு வரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கல."

"அதுக்கு?"

"அறுபது குழாய்லயும் இருக்கிறது ஒரே ஆளோட ரத்தம்!"

பிரேம்நாத்தின் பேனா நின்றது. மெல்ல எழுந்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"ஊர்க்காரனுங்க ரத்தம் தரமாட்டேன்னு துரத்தினானுங்க. ரெண்டு வருஷ ப்ராஜெக்ட்! வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றியா?"

"அதனால உங்க கையிலேர்ந்தே எடுத்துக்கினீங்களா?"

"விக்ரமும் இப்டித்தான் கேட்டான். ஏரியில தண்ணி சாம்பிள் எடுக்கலாம் வாடான்னு கூட்டிக்கினு போனேன்..." சிரித்தார். "உனக்கு நீச்சல் தெரியுமா?"

பிரியதர்ஷினி பின்னால் நகர்ந்தாள். சுவர் முட்டியது.

அவர் கைகள் அவள் கழுத்தை நோக்கி நீண்டன...

படார்!

தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே பாய்ந்தார் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி. காதில் செல்போன்.

"கைய எடு சார். இந்தம்மா போன் லைன்லதான் இருக்குது. மொத்தமும் கேட்டுக்கினுதான் நின்னேன்."

"நான்... சும்மா மிரட்டினேன்! கொலைக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்குதே! விக்ரம் நகத்துல கொஞ்சம் தோல் மாட்டிக்கினு இருந்துச்சு. யாருதுன்னு தெரியாம முழிச்சோம். நாலு நாள் முன்ன இந்தம்மா ரிப்போர்ட்ட எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வந்தாங்க. ஒத்துப் பார்த்தா... அறுபது குழாய்க்கும் நகத்துக்கும் ஒரே ஆள்! அது யாருன்னு இப்ப உங்க வாயாலயே கேட்டுட்டேன்."

பிரேம்நாத் நாற்காலியில் தொப்பென்று சரிந்தார்.

பிரியதர்ஷினி அவர் எதிரில் வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"இன்னொண்ணு சார். பரம்பரைக் கோளாறுன்னு ஊர் மேல பொய்யா எழுதினீங்க. லேப்ல பார்த்தா, அந்தக் குழாய்ல நெஜமாவே இருக்குது. கிட்னியக் கொஞ்சம் கொஞ்சமா முடிச்சிடும். ஊருக்கு இல்ல... உங்களுக்கு!"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"அ... அப்ப எனக்கு... இன்னும் எத்தனை வருஷம்?"

கிருஷ்ணவேணி விலங்கை மாட்டினார். க்ளிக்!

"அத டாக்டரம்மா எப்டிப்பா சொல்வாங்க? ஜட்ஜய்யாதான் சொல்லணும்!"