மூன்றாம் பெட்டியின் ஜன்னல்

மலை ரயில் தாமதமாக வந்து பல் டாக்டர் பார்த்திருக்கிறார். பதினோரு நிமிடம் முன்னதாக வந்து பார்த்ததேயில்லை.

சுரங்கப்பாதைக்கு எதிரே, வளைவுக்கு மேலிருந்த பாறையில் முக்காலியை ஊன்றி, ஈரப் புல்லும் கரிப்புகையும் கலந்த வாடையை மூக்கு நிறைய இழுத்தபடி அவர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அந்த நூறு வயது நீராவி எஞ்சின் விசில்கூட ஊதாமல், சொல்லாமல் கொள்ளாமல் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது. சக்கரங்களின் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவதுபோல எங்கோ தள்ளிக் கேட்டது. மனைவியும் மகளும் மூன்றாம் பெட்டியில் வந்து கையசைப்பதாகக் காலையிலேயே பேச்சு. அசைத்தார்கள். மளமளவென்று எடுத்துத் தள்ளினார். கடைசிப் பெட்டியையும் மூடுபனி விழுங்கியது.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, வண்டி இன்னும் கிளம்பவே இல்ல. எஞ்சினுக்குத் தண்ணி புடிச்சிட்டே இருக்காங்க. உங்க பொண்ணு பசிக்குதுன்னு உயிரை வாங்குறா.”

“விளையாடாத. இப்பத்தானே கை காட்டினீங்க?”

“யாரு, நாங்களா? குளிர்ல மூளை விறைச்சுப்போச்சா உங்களுக்கு?”

கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையாக ஏதோ. பனியா? பனி வெளியேதானே இருந்தது. மகளின் வாய் திறந்திருந்தது. ஆயிரம் வாய்களைப் பார்த்தவர் அவர். அது சிரிப்பில்லை.

“ஏறாதீங்க! பாப்பாவ இறக்கு!”

“அவ எப்பவோ ஏறி சீட்டு புடிச்சாச்சு. இதோ, விசில் ஊதிட்டான், நானும்...”

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தார். கிடைக்கவில்லை. மறுபடி. இல்லை.

பாறையிலிருந்து சறுக்கி இறங்கினார். முழங்கால் உரிந்தது. சுரங்கத்துக்குள் ஓடினார். இருட்டு. சொட்டும் தண்ணீர். காலடியில் தண்டவாளம் அதிர்ந்தது. தூரத்தில் விளக்கு. சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றி ஆட்டினார்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சின் அவர் நெஞ்சுக்கு இரண்டடி முன்னால் நின்றது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார்.

டிரைவர் தலையை நீட்டினார். “யோவ், அறிவிருக்கா? ஏத்தத்துல, அதுவும் சுரங்கத்துக்குள்ள நிறுத்திட்டியே! இனி இது லேசுல நகராதுய்யா!”

புகைபோக்கி கூரையில் கக்கியது. புகைக்கு வேறு போக்கிடம் இல்லை. பின்னால் போனது. முதல் பெட்டி. இரண்டாம் பெட்டி. ஜன்னல்களைச் சாத்தும் சத்தம். இருமல்.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைத் திணித்து நகர்ந்தார். கண் எரிந்தது. தடவித் தடவி எண்ணினார். மூன்று. கண்ணாடி கொதித்தது.

உள்ளிருந்து அதைப் பல கைகள் அடித்தன. பிறகு சில. பிறகு ஒரே ஒரு கை. சின்னக் கை. நின்று நின்று.