கரண்ட் இல்லாத நேரத்தில்...

மொட்டை மாடியில் பிணம் கிடந்தது. இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது.

கரண்ட் ஆபீஸிலிருந்து பேசினார்கள்.

"சார், நீங்க கேட்ட தெருவுல காலைல ஒன்பது மணியில இருந்தே கரண்ட் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் வேலை. இன்னும் முடியலை."

"அப்போ பதினோரு மணிக்கு?"

"தெரு முழுக்க சைபர் சார்."

பதினோரு மணிக்குத்தான் அந்த சோலார் எலக்ட்ரீஷியன் ஷாக் அடித்துச் செத்துப் போயிருந்தான். வலது உள்ளங்கை கருகியிருந்தது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

இல்லாத கரண்ட் எப்படிக் கொல்லும்?

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். ஜவுளிக்கடையில் முப்பது வருட சர்வீஸ். எந்நேரமும் கரண்ட் பில்லைப் பற்றியே பேசி, தெருவில் 'மீட்டர்' என்று பெயர் வாங்கியவர். "அவன் பொண்டாட்டியும் கூடத்தான் வேலை பார்க்குறா. அவன் மாடியில இருக்கும்போது கீழே மெயினைப் போட்டுட்டா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"தெருவுலயே கரண்ட் இல்லை. மெயினைப் போட்டா மட்டும் எங்கேருந்து வரும்?"

"அதெல்லாம் எனக்கெப்படி சார் தெரியும்? பார்த்ததைச் சொன்னேன்."

கண்ணால் பார்த்த சாட்சி. மேலிடத்துக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணை உள்ளே தள்ளச் சொல்வார்கள்.

"அவர் என்ன வேலையா வந்தார்?"

மீட்டர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"மூணு லட்சம் சார். கொட்டி சோலார் மாட்டினேன். பில்லே வராதுன்னான். பாதிதான் குறைஞ்சிருக்கு. மழை வந்தா படுத்துக்குது. தெருவுல கரண்ட் போனா இதுவும் நின்னுடுது. கேட்டா, அதுக்கு பேட்டரி வேணும், இன்னும் ஒண்ணரை லட்சம்ங்கறான். ஒயர் ஜாயிண்ட் எங்கேயோ லூஸா இருக்கும்னு இன்னைக்குப் பார்க்க வந்தான்..."

"செத்தவரைப் பத்திக் கேட்டேன்."

"அவனைப் பத்தித்தானே சார் சொல்லிட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மெயின் பெட்டிக்கு அடியில், தரையில் உட்கார்ந்திருந்தாள் எலக்ட்ரீஷியனின் மனைவி. பக்கத்தில் ஏட்டம்மா.

"என்னை அரெஸ்ட் பண்ணப் போறீங்களாமே சார்? மெயினை அணைச்சுப் பூட்டு போட்டேன். சாவி இதோ, என் கையிலயே இருக்கு. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு. அப்பாவைக் கொன்னது உங்கம்மாதான்னு அதுங்ககிட்ட சொல்லுவீங்களா?"

பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மெயின் ஆஃப். தெருவுலயும் கரண்ட் இல்லை. பின்னே எதும்மா அடிச்சது?" கத்தியேவிட்டார்.

அவள் மேலே கை காட்டினாள்.

"வெயில் சார்."

"என்னது?"

"மெயினை அணைச்சா வீட்டுக்கு வர்றதுதான் நிக்கும். பேனல்ல இருக்கிறது நிக்காது. வெயில் பட்டுக்கிட்டே இருந்தா, அந்த ஒயர்ல முந்நூறு நானூறு வோல்ட் இருந்துக்கிட்டே இருக்கும். அதான் ஒயர்ல கை வைக்கிறதுக்கு முன்னால தார்ப்பாய் போட்டு மூடுவோம். நானும் அவரும் சேர்ந்துதான் மூடினோம். அப்புறம்தான் நான் கீழே காவலுக்கு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டிரண்டு படியாக மேலே ஓடினார். ஏட்டம்மா பின்னாலேயே வந்தாள்.

பேனல்கள் வெயிலில் பளபளத்தன. மேலே எதுவும் இல்லை.

"தார்ப்பாய் எங்கே?"

"காத்துல பறந்திருக்கும் சார்..." மீட்டர் வேறு பக்கம் பார்த்தார்.

காற்றா? கொடியில் கிடந்த துண்டுகூட அசையவில்லை.

ஏட்டம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கி வந்தாள். ஓரங்களை உள்ளே விட்டு, எட்டாக மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல்... அப்படியே கடை அலமாரியில் அடுக்கலாம்.

"காத்து நல்லாவே மடிச்சிருக்கு சார்."

"முப்பது வருஷ சர்வீஸ் போட்ட காத்து." இன்ஸ்பெக்டர் மீட்டரை நெருங்கினார். "எதுக்குய்யா அவரைக் கொன்னே?"

மீட்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சத்தியமா கொல்லணும்னு நினைக்கலை சார். பதினோரு மணி... நல்ல வெயில். அந்த நேரத்துல பேனலைப் போய் மூடி வெச்சிருந்தான். தெருவுல எந்த நிமிஷமும் கரண்ட் வந்துடலாம். மூணு லட்சம் போட்டுட்டு, வர்ற நேரத்துல வெயிலை வீணாக்க மனசு வரலை. அவன் பேனலுக்கு அடியில குனிஞ்சிருந்தான். மெதுவா உருவிட்டேன். ஒரு சத்தம் கேட்டுது... பயந்துட்டேன். கை பாட்டுக்கு மடிச்சிடுச்சு."

"பயந்து, பழியை அந்தப் பொண்ணு தலையில போட்டே."

மீட்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் படியேறி வந்து மாடி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சீங்க?"

"ஒரு... ஆறு யூனிட்."

"மெயின் பூட்டியிருந்தா ஒரு யூனிட்கூட வீட்டுக்குள்ள வராது. தார்ப்பாயை எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்கலைன்னாலும் ஒண்ணுதான். கீழேதானே உட்கார்ந்திருந்தேன்... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மீட்டர் வாயைப் பிளந்தார்.

"அப்போ... ஒண்ணுமே கிடைச்சிருக்காதா?"

ஏட்டம்மா அவர் கையில் விலங்கை மாட்டினாள்.

"கவலைப்படாதீங்க. யூனிட் கணக்குல கிடைக்கலைன்னா என்ன... வருஷக் கணக்குல கிடைக்கும்."