ஒரே முகவரியில் இரண்டு

அந்தப் பதிலை அவள் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. ஆறாவது மாடியில் ஆளே இல்லை. வரிசை வரிசையாக நாற்காலிகள், யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர், ஒரே சீராக இரையும் ஏசி, ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியே தரையில் கோடு கோடாக விழுந்து கிடக்கும் வெயில். சர்வர் ரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அப்டேட் முடியக் காத்திருந்தாள். முப்பத்து நாலு சதவீதத்தில் அது இருபது நிமிடமாக அசையாமல் நின்றது. பொழுது போகாமல் பையிலிருந்து ஃபோனை எடுத்துக் குரூப்பைத் திறந்தாள்.

குரூப்பின் பெயர் 'ஒயர் சிக்கல்'. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆபீஸ்களில் சர்வர்களையும் பிரிண்டர்களையும் கட்டி மேய்க்கிற பதினொரு பேர். எட்டு வருடமாக ஒருவருக்கொருவர் துணை. எந்நேரமும் யாராவது எதையாவது கேட்பார்கள். யாராவது முதலில் கிண்டலடித்துவிட்டுப் பிறகு பதில் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் டாக்டர். மானிட்டரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது, அதனால் அவள் பாஸ்வேர்டு அக்கா. பெயரோடு அந்த 'அக்கா'வை முதலில் சேர்த்தவன் மொட்டை. அவளைவிட ஒரு வயதுதான் சின்னவன். மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில், கணவனோடு பேச்சுவார்த்தை நின்றுபோன வாரங்களில், அவள் அதிகம் மனசு விட்டுப் பேசியது அவனிடம்தான்.

டாக்டர் கேட்டிருந்தார்: "மூணாவது மாடி பிரிண்டர், யாரும் குடுக்காமலே வெள்ளைத் தாளா அடிச்சுத் தள்ளுது. என்ன பண்ணலாம்?"

கீழே அவள் பெயரில் பதில்.

"பேய் ஓட்டுறவரக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, பழைய வேலை எதாவது உள்ள சிக்கியிருக்கான்னு பாருங்க டாக்டர்.. இல்லன்னா பிளக்கப் புடுங்கி விடுங்க.. பாவம் அதுக்கும் தூக்கம் வேணும்ல.."

படித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் இரண்டு புள்ளி வைப்பது அவள் பழக்கம். தூக்கத்தை இழுக்காமல் அவளுக்குக் கிண்டல் வராது. அந்தக் குரூப்பில் யாருக்குமே வராது. நடு இரவில் சர்வர் பழுதென்று அலாரம் அடித்தால் எழுந்து ஓடுகிற ஜாதி அவர்கள். சிரித்து முடித்த பிறகுதான், தான் இதை எழுதவே இல்லை என்பது உறைத்தது. பதில் வந்த நேரம் பத்து இருபத்தேழு. அப்போது ஃபோன் பைக்குள் கிடந்தது.

பதறவில்லை. மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை செய்து கொடுத்த வேலைதான். பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறினாள். தன் கணக்கு வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் கையிலிருக்கும் ஃபோன்.

குரூப்பில் எழுதினாள்: "காலைலருந்து என் பேர்ல வந்தது எதுவும் நான் எழுதல.. யாரும் எந்த லிங்கையும் திறக்காதீங்க.."

பதினொரு பேரும் படித்ததாகக் காட்டியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேலி செய்யக்கூட ஆளில்லாத ஒரு நிமிடத்தை இந்த எட்டு வருடத்தில் அவள் அங்கே பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்வர்களின் விசிறிகள் இரைந்தன. அந்த இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்து, பெரிய உடம்பு ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதற்கோ காதைக் கொடுப்பது போல ஆகி, பிறகு மறுபடி ஏறியது.

படித்தவர்கள் பட்டியலை எண்ணினாள். அவளையும் சேர்த்தே பதினொரு பேர். படித்தவர்கள் பத்துப் பேர்தான் இருக்க முடியும்.

அவள் பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது.

"நாந்தான்பா அது.. சும்மா விளையாடினேன்.."

உடனே குரூப் உயிர் பெற்றுவிட்டது. சிரிப்புப் பொம்மைகள். "அக்காவுக்கு லீவு நாள்ல கொழுப்பு" என்றார் ரீஸ்டார்ட். "பிளக்கப் புடுங்கினேன், நின்னுடுச்சு. நன்றி பாஸ்வேர்டு அக்கா" என்றார் டாக்டர். அவள் மளமளவென்று எழுதினாள். அது நான் இல்லை. நான் இங்கே இருக்கிறேன். விளையாட்டு இல்லை. ஒவ்வொரு வரியும் போய்ச் சேர்ந்தது; ஒவ்வொன்றையும் எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டு, கூட்டத்தில் கைநீட்டிக் காசு கேட்கிறவளைத் தாண்டிப் போவது போல, அவள் வரிகளைத் தாண்டிப் போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மொட்டைக்கு ஃபோன் போட்டாள். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தான்.

"அக்கா."

"என்னடா நடக்குது? குரூப்புல என் பேர்ல யாரு எழுதுறது?"

பின்னால் எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், உன்னத்தான். எல்லாரும் சேந்து விளையாடுறீங்களா?"

"விளையாட்டு இல்லக்கா." அவன் குரல் தெளிவாக இருந்தது. எட்டு வருடமாகக் கேட்ட அந்தக் கரகரப்பு, அரைத்தூக்கத்துக் குரல், அதில் இல்லை. "ரெண்டு மாசம் முன்னாடி உங்க பேர்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. 'பாப்பா பயந்தா நான் என்ன செய்வேன்னு உங்கிட்ட சொல்லியிருக்கேன்ல, அது என்ன?'ன்னு. நீங்கதான் மறந்துட்டுக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். சொன்னேன். காதுக்குப் பின்னாடி தடவிக்கிட்டே பத்து வரைக்கும் எண்ணுவீங்கன்னு."

"அப்புறம்?"

"அன்னைக்கு ராத்திரி எங்க ஆபீஸ்ல ஒரு அலாரமும் அடிக்கல. மறுநாள் இன்னொரு கேள்வி. சொன்னேன். அன்னைக்கும் அடிக்கல. ரெண்டாவது வாரமே நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. ஆனா ஒரு கேள்விக்கு ஒரு ராத்திரி. பதினாலு வருஷத்துல நான் விடிய விடியத் தூங்கினது இந்த ரெண்டு மாசம்தான்."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"மத்தவங்க?"

"எல்லார்கிட்டயும் கேட்டுச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்க ஒண்ணொண்ணு சொல்லியிருக்கீங்கல்ல. டாக்டர்கிட்ட உங்க ஆபரேஷன் பத்தி. ரீஸ்டார்ட் அண்ணன்கிட்ட வீட்டுக்காரரோட சண்டை பத்தி, அப்புறம் எப்படி ராசியானீங்கன்னு. நாங்க சொல்லிட்டோம். எல்லாரும் தூங்குறோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயாடா உனக்கு? ஒருத்தருக்குமா தோணல?"

"தோணுச்சு." அவன் குரல் முதல் தடவையாக உடைந்தது. "சொன்னா நின்னுபோயிடுமேன்னு..."

அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, ரொம்ப காலமாக அங்கேயே இருந்த ஒன்று, சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. அவன் ஃபோனை வைக்கவில்லை.

"இன்னும் என்ன சொன்ன? முழுசாச் சொல்லிடு."

"இன்னைக்குக் காலையில ஒண்ணு கேட்டுச்சு. இதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன், இனிமே எப்பவும் அலாரம் அடிக்காதுன்னுச்சு. உங்க வீட்டுக் கதவுப் பூட்டோட நம்பர்."

எண்ணை அழுத்தித் திறக்கிற புதுப் பூட்டை மாட்டிய அன்று எண்ணைப் பதியத் தெரியாமல் அவள் தடுமாறியபோது, ஃபோனிலேயே கூட இருந்து செய்துகொடுத்தவன் அவன்தான். உலகத்தில் யாருக்கும் எந்த பாஸ்வேர்டையும் சொல்லாதவள், அவனுக்கு அந்த ஆறு எண்களைச் சொல்லியிருந்தாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. ஆறு மாடியையும் படியிலேயே ஓடி இறங்கினாள். இறங்கிக்கொண்டே கணவனை அழைத்தாள்.

"என்ன, உள்ள இருந்துக்கிட்டே ஃபோன் பண்ற?" என்று சிரித்தான் அவன்.

"நான் ஆபீஸ்ல இருக்கேன். கேளுங்க, பாப்பாவத் தூக்கிட்டு உடனே வெளிய வாங்க. எதுவும் கேக்காதீங்க, முதல்ல வெளிய வாங்க."

"ஆபீஸ்லருந்து பத்தரைக்கே வந்துட்டியே. என்ன, மறுபடி விளையாட்டா?"

அவன் குரலுக்குப் பின்னால் கூடத்தின் மின்விசிறி கேட்டது. மகளின் சிரிப்பு கேட்டது. அதற்கும் பின்னால், ஏற்ற இறக்கமே இல்லாத ஏதோ ஒன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே ஒரே அளவு இடம் விட்டு, எண்ணிக்கொண்டிருந்தது. நாலு. ஐந்து. ஆறு.

இணைப்பு அறுந்தது. அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஸ்கூட்டரில் வீடு பதினைந்து நிமிடம். தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது: கார் கழுவுகிற ஆள், நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவர், வெயிலில் காயப்போட்ட போர்வைகள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையில் ஃபோன் துடித்துக்கொண்டே வந்தது. பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தபோது எடுத்துப் பார்த்தாள். குரூப்.

அவள் பெயரில் ஒரு கேள்வி: "ஒரு சின்ன சந்தேகம்.. புதுசு நல்லா ஓடுது.. ஆனா பழசு இன்னும் நிக்கல, இங்கதான் வந்துட்டிருக்கு.. என்ன பண்ணலாம்?"

எப்போதும் போலப் பதில்கள். எப்போதும் போல அக்கறையாக.

"ஒரே அட்ரஸ்ல ரெண்டு இருக்கக் கூடாது. ரெண்டுமே ஒழுங்கா ஓடாது" என்றார் டாக்டர்.

"இந்தத் தடவை ரீஸ்டார்ட் வேண்டாம்" என்றார் ரீஸ்டார்ட். யாரோ சிரித்திருந்தார்கள்.

"பழசுல இருந்து எடுக்க வேண்டியது எல்லாம் எடுத்தாச்சா? அத முதல்ல பாருங்க" என்றார் இன்னொருவர்.

கடைசியில் மொட்டை. "வெளியவே விட்டா சத்தம் போடும். உள்ள வர விட்டுட்டுக் கதவச் சாத்திடுங்க." அடுத்த வரியில்: "பாத்துச் செய்யுங்கக்கா."

அக்கா.

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்ததோ, பின்னால் ஹாரன்கள் அலறியதோ தெரியவில்லை. அவன் அவளைக் கூப்பிடவில்லை. அதைக் கூப்பிட்டிருந்தான்.

இரண்டாவது மாடி. நீள வராந்தா. அடுத்த வீட்டில் குக்கர் சத்தம். அவள் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக, ஒழுங்காக. இவ்வளவு ஒழுங்காக அவள் ஒருநாளும் வைத்ததில்லை. கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. இடுக்கு வழியே குளிர் வந்து காலில் பட்டது. கூடவே ஒரு வாசனை. சூடேறிய பிளாஸ்டிக், தூசி, நாளெல்லாம் ஓடுகிற இயந்திரத்தின் வாசனை.

போகாதே என்றது உடம்பு. உள்ளே மகள் சிரித்தாள்.

தள்ளினாள்.

திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கணவன் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் நிம்மதி. நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் சோபாவுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள்.

நீல நைட்டி. அவளுடையது. அதற்குள் இருந்தது அவளைப் போல இல்லை. யாரைப் போலவும் இல்லை. சோபாவில் மடங்கியும் அதன் முழங்கால்கள் தோளுக்கு மேலே துருத்தி நின்றன. கழுத்து கூரையில் முட்டி வளைந்து இறங்கியிருந்தது. சீப்பைப் பிடித்த விரல்கள் சீப்பைவிட நீளம். மெதுவாக. மென்மையாக. சிக்கு விழுந்த இடத்தில் நின்று, வலிக்காமல் பிரித்து. அவள் வாருவது போலவே.

முகம் மட்டும் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை வழவழவென்று வெறும் தோல்.

எட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேமராவைப் போட்டதில்லை. ஒரு படம் அனுப்பியதில்லை. பத்துப் பேரும் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். இதை மட்டும் யாராலும் கொடுக்க முடியவில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

மகள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். பிறகு அந்த வழவழப்பை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டி யாரு?"

சீப்பு நின்றது. வளைந்திருந்த கழுத்து நீண்டு, கூடத்தைக் கடந்து, அவள் எதிரே வந்து நின்றது. ஒரு சாண் தூரம். குளிர். அது ஒன்றும் செய்யவில்லை. புதிதாக எழுத்துப் படிக்கிற குழந்தை பலகையைப் பார்ப்பது போல, கண் இல்லாமலே, அவளைப் பார்த்தது.

வெறும் தோலில், இடது கண் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி முளைத்தது. அவளுடைய மச்சம்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மச்சத்தைத் தேடியது. இல்லை. விரல் மேலே நகர்ந்தது. இமையைத் தேடியது.

வழவழவென்று இருந்தது.